கீல்வாதக் கைக்கு எந்தக் கீல்?

எங்கள் திருப்பூரில் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பெண்கள் போடும் முதல் கணக்கு துணிமணிக் கணக்கு அல்ல. துணிதான் ஊர் முழுக்க மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே! சமையலறை அலமாரிக்குக் கதவு போடுகிற கணக்குத்தான் முதலில் வரும். கடப்பாக்கல் பலகையை மட்டும் பதித்துவிட்டுத் திறந்தபடியே கிடக்கும் அலமாரியில், காலையில் துடைத்த டப்பா மேல் சாயங்காலம் பஞ்சுத் தூசி படிந்து நிற்கும். பக்கத்தில் ஒரு நிட்டிங் கம்பெனி இருந்தாலே போதும். இல்லாவிட்டால் வேலைக்குப் போய் வருகிறவர்களின் தலைமுடியிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு அது வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே, "இந்த வருஷமாவது ஒரு கதவு போட்டுடலாமுங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லாத பெண் இங்கே குறைவு.

சரி, கதவு போடலாம் என்று கடைக்குப் போனால், கடைக்காரர் இரண்டு சாமான்களை எடுத்து மேஜை மேல் வைப்பார். ஒன்று, கதவை மூடினால் வெளியே தெரியாத கீல். ‘ஆட்டோ ஹிஞ்ச்’ என்றும் ‘கன்சீல்டு ஹிஞ்ச்’ என்றும் சொல்வார்கள். நான் இங்கே மறைகீல் என்று சொல்லிக்கொள்கிறேன். இன்னொன்று புஷ் லாட்ச். கைப்பிடியே வேண்டாம், கதவை லேசாக அமுக்கினால் அதுவே திறந்துகொள்ளும். கடையில் அமுக்கிப் பார்க்கும்போது நமக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம் வரும். "வீடு பூராவும் இதையே போட்டுடுங்க" என்று சொல்லிவிடத் தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள். எந்தக் கதவை எந்தக் கை திறக்கப் போகிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் சாமான் வாங்கலாம். இந்த இதழில் அதைத்தான் பேசப் போகிறோம்.

கதவின் கீலும் உடம்பின் கீலும்

கீல் என்ற சொல்லைப் பாருங்களேன்! கதவு ஆடுகிற இடமும் கீல். நம் கை கால் மடங்குகிற மூட்டும் கீல். அதனால்தான் மூட்டு வலிக்குக் கீல்வாதம் என்று பெயர். அலமாரியின் கீல் சரியாக அமைந்தால், கையின் கீலுக்கு நோவு குறையும்.

எங்கள் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வயது 72. இருபத்தைந்து வருஷம் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டியவர். குட்டிக் கத்திரியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் என்று எண்ண முடியாத அளவுக்கு நூல் நுனி வெட்டிய கை அது. இப்போது கட்டைவிரல் அடிமூட்டு வீங்கிக் கிடக்கிறது. சீப்பைப் பிடிப்பார்; பாட்டில் மூடி திருக மாட்டார். "கண்ணு, வலி வெரல்ல இல்ல, வெரலு மொளைக்கிற எடத்துல" என்பார்.

வைத்திய நூல்களும் அதையே சொல்கின்றன. மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்குக் கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்வு அதிகம் வருகிறது. நாம் ஒரு பொருளை விரல் நுனியால் 1 கிலோ அளவுக்கு அழுத்திக் கிள்ளிப் பிடித்தால், கட்டைவிரலின் அடிமூட்டில் ஏறக்குறைய 12 கிலோ அளவுக்கு அழுத்தம் விழுகிறது என்று 1977-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. சின்னக் குமிழ் வைத்த அலமாரிக் கதவை இழுக்கும்போது நாம் செய்வது இந்தக் கிள்ளும் வேலைதான். கதவுக்குள்ளே காந்தமும் பலமாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அழகுக்கு வைத்த குமிழ், வயதான கைக்குத் தண்டனை.

ஆகவே அலமாரிக் கதவில் கவனிக்க வேண்டியது மூன்று: எதைப் பிடித்துத் திறக்கிறோம், உள்ளே எது கதவைப் பிடித்து வைத்திருக்கிறது, கீல் எவ்வளவு இலேசாக ஆடுகிறது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப் போக வேண்டும்.

குடுமியிலிருந்து மறைகீல் வரை

நம் பாட்டி வீட்டுக் கதவுகளுக்குக் கீலே கிடையாது. கதவின் மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் மரத்திலேயே செதுக்கிய குடுமி இருக்கும். நிலையில் உள்ள குழியில் அது உட்கார்ந்து சுழலும். பிறகு இரும்பிலும் பித்தளையிலும் இரண்டு இலை மாதிரி மடிகிற கீல்கள் வந்தன. அவற்றைக் கதவின் விளிம்பில் வைத்துத் திருகாணி முடுக்குவார்கள். தேக்கும் வேம்பும் அந்தத் திருகாணியைத் தலைமுறைக்கும் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

மரத்தூளை அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டும், அடுக்கடுக்காக ஒட்டிய ப்ளைவுட்டும் வந்தபோதுதான் சங்கடம் வந்தது. அவற்றின் விளிம்பில் திருகாணி ஏற்றினால் உதிரும். இல்லாவிட்டால் அடுக்கு பிளக்கும். விளிம்பு பிடிக்காவிட்டால் என்ன, கதவின் உள்முகத்திலே பிடிக்க வைக்கலாம் என்று ஐரோப்பாவில் கண்ட வழிதான் இந்த மறைகீல். கதவின் முதுகில் வட்டமாகக் குழி தோண்டி, அதில் ஒரு சின்னக் கிண்ணத்தைப் பதித்து, பாரத்தை அகலமான இடத்தில் பரப்பிவிடுகிறார்கள். விளிம்புக்கு வேலையே இல்லை.

இன்று நம் நாட்டுக் கடைகளில் விற்கும் இரண்டு கம்பெனிகளின் கதை சுவாரசியமானது. ஜெர்மனியின் ஹெட்டிச் 1888-இல் கடிகார உறுப்பு செய்யும் மெஷினோடு தொடங்கியது. ஆஸ்திரியாவின் ப்ளும் 1952-இல் தொடங்கியபோது செய்த முதல் சரக்கு குதிரை லாடத்தில் மாட்டும் ஆணி! கடிகாரமும் குதிரை லாடமும் நம் அஞ்சறைப் பெட்டி அலமாரி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டன.

கடைக்குப் போகும் முன் மூன்று கேள்வி

மறைகீலில் மூன்று வகை உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும். கைப்பகுதியின் வளைவில்தான் வித்தியாசம். கடையில் அந்த வளைவை ‘கிராங்க்’ என்பார்கள்.

ஒன்று: கதவு பக்கப் பலகையை முழுவதும் மூடி நிற்குமா? அப்படியானால் நேர்க்கை கீல், அதாவது 0 கிராங்க்.

இரண்டு: நடுவில் ஒரே பலகை, அதன் இரு பக்கமும் இரண்டு கதவுகள், ஆளுக்குப் பாதி மூடி நிற்குமா? அதற்கு 8 அல்லது 9 கிராங்க்.

மூன்று: கதவு சட்டத்துக்கு உள்ளேயே, விளிம்போடு விளிம்பாக உட்காருமா? அதற்கு 15 முதல் 17 வரையிலான கிராங்க்.

நம் பக்கத்துச் சமையலறைகள் பெரும்பாலும் படத்தில் பார்க்கிற பெட்டி அலமாரிகள் இல்லை. கடப்பாக்கல் பலகைக்கு முன்னால் மரச்சட்டம் அடித்து, அதில் கதவு மாட்டுகிறோம். கடப்பாக்கல்லில் கீலின் தாங்கு தகட்டைத் திருகாணி வைத்து நிறுத்த முடியாது. சட்டத்தில்தான் அது உட்கார வேண்டும். ஆகவே தகடு முழுவதும் உட்காரும் அளவுக்குச் சட்டம் ஆழமாக இருக்கிறதா என்று வேலை ஆரம்பிக்கும் முன்பே கேளுங்கள். மெல்லிய ரீப்பரை அடித்துவிட்டுப் பிறகு தகட்டின் பாதியை அந்தரத்தில் நிறுத்தினால், ஆறு மாதத்தில் கதவு தலை சாய்த்துவிடும்.

உள்ளே கூடாக இருக்கும் பி.வி.சி. கதவுக்கும் மறைகீல் ஒத்துவராது. கிண்ணம் பதிக்க உள்ளே ‘சதை’ வேண்டுமல்லவா? அதற்குப் பழைய இலைக் கீலே போதும். கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

ஆசாரி வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள்

எங்கள் ஊரில் நூல் என்றால் பனியன் நெய்யும் நூல். ஆசாரியிடம் நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "6 நூல் பலகை போடறனுங்க, அம்மிணி" என்றால் முக்கால் அங்குலம், ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் என்று அர்த்தம். மறைகீலுக்கு அந்தக் கனம்தான் சரி. ஏன் என்று பாருங்கள்.

கிண்ணத்தின் குறுக்களவு 35 மில்லிமீட்டர். குழியின் ஆழம் சுமார் 12 மில்லிமீட்டர். 18 மில்லிமீட்டர் கதவில் குழி தோண்டினால் அடியில் 6 மில்லிமீட்டர் மிஞ்சும். செலவு குறையட்டும் என்று 4 நூல் பலகையில், அதாவது 12 மில்லிமீட்டரில் தோண்டினால், ட்ரில் மெஷின் வெளிப்பக்கத்து மைக்காவைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும்.

குழியின் நடுப்புள்ளி கதவு விளிம்பிலிருந்து சுமார் 22 மில்லிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் குழிக்கும் விளிம்புக்கும் இடையில் 4, 5 மில்லிமீட்டர் மரம் மிஞ்சும். கீல் பெட்டிக்குள் வரும் தாளில் சரியான அளவு போட்டிருக்கும். அந்தத் தாளைக் குப்பையில் போட விடாதீர்கள். மேலும் கீழும் 4 அங்குலம் விட்டுக் கீல் வைப்பது வழக்கம்.

எத்தனை கீல் என்பது முக்கியம். கதவு உயரம் 3 அடி வரை இரண்டு, 5 அடி வரை மூன்று, ஆறரை அடி வரை நான்கு. இது சாதாரண ப்ளைவுட் கதவுக்கு. கண்ணாடி பதித்தாலும், கதவின் உள்பக்கம் கம்பித் தட்டு மாட்டி மசாலா டப்பா அடுக்கினாலும் இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கீலில் மிச்சம் பிடிப்பது, கர்ப்பிணிக்குப் பாலில் மிச்சம் பிடிப்பது மாதிரி.

கதவு மாட்டிய பிறகு இரண்டு கதவுகளுக்கு நடுவில் சந்து கோணலாகத் தெரிந்தால் பயப்படாதீர்கள். மறைகீலின் பெரிய சௌகரியமே இதுதான்: கழற்றாமலே சரி செய்யலாம். பெரும்பாலான கீல்களில் கதவுக்கு அருகில் உள்ள திருகாணியைத் திருப்பினால் கதவு இடம் வலமாக நகரும். பின்னால் உள்ள திருகாணியை இளக்கினால் முன்னும் பின்னும் நகரும். தாங்கு தகட்டின் திருகாணிகளை இளக்கினால் மேலும் கீழும் நகரும். ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் நகரும், அதுவே போதும். கால் சுற்று திருப்புங்கள், மூடிப் பாருங்கள், மறுபடி கால் சுற்று. தையல் மெஷினில் நூல் இறுக்கம் சரி செய்யத் தெரிந்த எந்தப் பெண்ணுக்கும் இது ஐந்து நிமிஷ வேலை. ஆசாரிக்குப் போன் போட்டு நான்கு நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

புஷ் லாட்ச்: உள்ளே என்ன நடக்கிறது?

அமுக்கினால் நுனி வெளியே வரும், மறுபடி அமுக்கினால் உள்ளே போகும் பேனா இருக்கிறதல்லவா? புஷ் லாட்சும் அதே மாதிரிதான். உள்ளே ஒரு ஸ்பிரிங்கும் குச்சியும் இருக்கின்றன. கதவை அமுக்கினால் குச்சி விடுபட்டுக் கதவைக் கொஞ்சம் வெளியே தள்ளும். பிறகு நாம் விரலை விளிம்பில் விட்டுத் திறக்கலாம். மூடும்போது கடைசியில் ஒரு தரம் அமுக்கினால் குச்சி உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண மறைகீலுக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. கதவைத் தானாக இழுத்து மூடுவது அதுதான். புஷ் லாட்ச் கதவை வெளியே தள்ளப் பார்க்கும். கீல் உள்ளே இழுக்கப் பார்க்கும். மாமியாரும் மருமகளும் ஒரே முறத்தை இரண்டு பக்கம் பிடித்து இழுத்த கதைதான்!

பக்கத்து வீட்டு அக்கா புது வீட்டில் அதுதான் நடந்தது. வேலை எடுத்தவர் "பெஸ்ட் அய்ட்டமுங்க" என்று சொல்லி, மெதுவாக மூடும் ஹைட்ராலிக் கீலையும் புஷ் லாட்சையும் ஒரே கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அமுக்கினால் கதவு ஒரு விரற்கடை வெளியே வந்து, யோசித்து, மறுபடி உள்ளே போகும். அக்கா நகத்தால் தோண்டித் தோண்டித் திறந்தார். கடைசியில் எங்கள் ஆசாரி வந்து பார்த்தார். "சாமான் ரெண்டும் நல்ல சாமானுங்க, அம்மிணி. ஜோடிதான் பொருந்தல" என்றார். ஸ்பிரிங் இல்லாத கீலை மாற்றி, நுனியில் காந்தம் வைத்த லாட்சைப் போட்டதும் கதவு சொன்னபடி கேட்டது.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது இது: "ஸ்பிரிங் இல்லாத கீல், காந்தம் வெச்ச புஷ் லாட்ச், ரெண்டும் ஜோடியாக் குடுங்க." கீலுக்குள் ஸ்பிரிங் இல்லாததால், மூடிய கதவைப் பிடித்து வைக்கும் வேலையைக் காந்தம் செய்யும். ஸ்பிரிங் உள்ள கீலுக்கென்றே காந்தம் இல்லாத லாட்சும் சில கம்பெனிகள் செய்கின்றன. அதையும் அதே கம்பெனியின் கீலோடு பொருத்துவதுதான் நல்லது.

லாட்சைக் கீல் இல்லாத பக்கத்தில், மேல் மூலையிலோ கீழ் மூலையிலோ வைக்க வேண்டும். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே 2, 3 மில்லிமீட்டர் சந்து விட வேண்டும். சந்து இல்லாவிட்டால் அமுக்க இடம் ஏது? அந்தச் சந்து வழியாகப் பஞ்சும் கரப்பானும் கொஞ்சம் நுழையும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கதவுக்கு எது?

இனி வீட்டைச் சுற்றி வரலாம்.

அன்றாடம் பத்துத் தரம் திறக்கும் கதவு (தட்டு, டம்ளர், மசாலா): மெதுவாக மூடும் கீலும், நான்கு விரலும் உள்ளே நுழையும் அகலமான ‘டி’ கைப்பிடியும் வையுங்கள். கிள்ள வேண்டாம், விரல்களைக் கொக்கி மாதிரி மாட்டி, கையோடு சேர்த்து இழுக்கலாம். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. படாரென்று அடிக்காததால் குழந்தை விரலும் தப்பும்.

கீல்வாதம் உள்ளவர் புழங்கும் அலமாரி: இங்கே புஷ் லாட்ச் நிஜமாகவே ஒரு வரம். எங்கள் அத்தையின் மருந்தும் காபிப் பொடியும் இருக்கும் அலமாரிக்கு அதைத்தான் போட்டிருக்கிறோம். புறங்கையால் ஒரு தட்டுத் தட்டுகிறார், திறக்கிறது. ஆனால் எல்லா லாட்சும் ஒன்றல்ல; சிலது கெட்டியாக இருக்கும். வாங்கும் முன் அந்தக் கைக்கு உரியவரையே கடைக்குக் கூட்டிப் போய் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் கைக்கு இலேசாக இருப்பது அவர் கைக்கு இலேசு என்று அர்த்தமில்லை. மருந்து இருக்கும் அலமாரி, தோள் உயரத்துக்கு மேலே, குழந்தைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாவுக் கையோடு திறக்கும் கதவு: சப்பாத்தி பிசைந்த கையோடு எண்ணெய் எடுக்க வேண்டுமானால் முழங்கையாலே அமுக்கலாம். புஷ் லாட்ச் சௌகரியம்தான். ஆனால் பளபளப்பான மைக்காவில் ஒவ்வொரு விரல் தடமும் சாட்சி சொல்லும். மங்கலான மைக்கா போடுங்கள்.

நடைபாதையை ஒட்டிய கதவு: போகிறவர் இடுப்பு இடித்தாலும், பெருக்கும்போது துடைப்பம் பட்டாலும், துணியால் துடைத்தாலும் புஷ் லாட்ச் திறந்துகொள்ளும். திறந்த கதவின் முனை நெற்றி மட்டத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அங்கே வேண்டாம்.

உயரமான பெரிய கதவு (பீரோ, பரண்): நீளக் கதவு சற்று வளையும். மேலே ஒரு லாட்ச் வைத்துக் கீழே அமுக்கினால் வேலை செய்யாது. கைப்பிடியே மேல்.

சிங்க் அடியில் மட்டும் வேண்டவே வேண்டாம்

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எங்கள் ஊரில் சாயக் கழிவு நொய்யலையும் நிலத்தடி நீரையும் உப்பாக்கிய கதை நாடறிந்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது போனது. இன்றும் பல வீடுகளில் போர் தண்ணீர் டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. அதைத் தேய்க்க ஆசிட் பாட்டில், துணிக்கும் தரைக்கும் பிளீச்சிங் பவுடர், கூடவே பினாயில். இவை மூன்றும் குடியிருக்கும் இடம் எது? சிங்க் அடி!

என் நாத்தனார் வீட்டில் சிங்க் அடிக்கும் புஷ் லாட்ச்தான் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பேரனுக்கு ஒன்றரை வயது. சுவரைப் பிடித்து நடக்கிற பருவம். அலமாரிக் கதவில் கை ஊன்றி எழுந்தான்; ஊன்றின வேகத்தில் கதவு ‘டக்’ என்று திறந்தது. நாத்தனார் திரும்பிப் பார்க்கும்போது பிள்ளை கையில் ஆசிட் பாட்டில். மூடி இறுக்கமாக இருந்ததால் குலம் தப்பியது. கைப்பிடி உள்ள கதவை இழுக்கக் குழந்தை கற்றுக்கொள்ள வேண்டும். புஷ் லாட்சைத் திறக்கச் சாய்ந்தாலே போதும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது உயிர் வித்தியாசம்.

ஆகவே சிங்க் அடிக் கதவுக்குப் பழைய கொண்டியோ, மேலே வைத்த தாழ்ப்பாளோ போடுங்கள். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சமையலறையிலிருந்தே வெளியேற்றி, உயரமான இடத்தில், தனித்தனியாக, பூட்டி வையுங்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. ஒரு சின்னப் பூட்டு வாங்குவது நமக்குப் பாரமில்லை. இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒருபோதும் தேய்க்காதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும்.

தப்பித்தவறிக் குழந்தை ஆசிட்டையோ மண்ணெண்ணெயையோ வாயில் வைத்துவிட்டால், வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புத் தண்ணீர் புகட்டுவது, விரல் விட்டுக் குமட்ட வைப்பது எதுவும் வேண்டாம். வாயைத் தண்ணீரால் துடைத்து, அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு, 108-க்குப் போன் செய்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று: காந்தம் வைத்த லாட்சின் நுனியோ, கதவில் ஒட்டிய சின்னத் தகடோ ஆடுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். கழன்று விழுந்த காந்தத்தைக் குழந்தைகள் விழுங்கும். இரண்டு காந்தம் உள்ளே போனால் குடலை நடுவில் வைத்துக் கவ்விக்கொள்ளும். ஆபரேஷன் வரை போய்விடும்.

பஞ்சும் துருவும்

ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் மூடிய அலமாரியில் இருந்தால், கசியும் ஆவியே கீலைத் தின்றுவிடும். மேலே பூசிய நிக்கல் பொரிந்து உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். அதனாலும் அவை அங்கே இருக்கக் கூடாது. சிங்க் அருகில் உள்ள கதவுகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீலாகக் கேட்டு வாங்குங்கள்.

பஞ்சுத் தூசிக்கு வருகிறேன். கீல் கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வழக்கம். வேண்டாம். எண்ணெய் பிசுக்காகி, அதில் பஞ்சு ஒட்டி, கீல் இறுகிவிடும். கட்டிங் வேஸ்ட் துணிக்கு நம் ஊரில் பஞ்சமில்லையே! காய்ந்த பனியன் துணியால் மாதம் ஒரு தரம் கீலைத் துடையுங்கள். அப்படியும் சத்தம் வந்தால், தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு மடிப்பில் விட்டு, உபரியைத் துடைத்துவிடுங்கள். மெதுவாக மூடும் கீலின் ஹைட்ராலிக் பகுதியில் எண்ணெயே படக் கூடாது.

திருகாணி பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், அந்தத் துளையில் ஃபெவிகால் தொட்ட தீக்குச்சிகளை (மருந்து நுனியை வெட்டிவிட்டு) இறுக்கமாகச் செருகி, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி முடுக்குங்கள். பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பட்டு ஊதிப்போன பார்ட்டிகிள் போர்டில் மட்டும் இது நடக்காது. அங்கே பலகையையே மாற்ற வேண்டியதுதான்.

லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு

"சொந்த வீடு இருக்கறவங்களுக்குச் சரிங்க, லைன் வீட்டுல இருக்கற நாங்க என்ன பண்றது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரம்மாவிடம் அனுமதி வேண்டும். கதவே போட முடியாத அலமாரிக்கு, உள்ளே ஒரு ஸ்பிரிங் கம்பி கட்டிப் பருத்தித் துணியைத் திரையாக விடுங்கள். வாரம் ஒரு தரம் துவைத்தால் பஞ்சும் போகும், கைக்கும் வலி இல்லை. இருக்கிற கதவின் குமிழ் கையை நோகடித்தால், குமிழில் அகலமான துணி வளையம் ஒன்றைக் கட்டிவிடுங்கள். அந்த வளையத்தில் நான்கு விரலையும் மாட்டி இழுக்கலாம். செலவு ஒன்றுமில்லை, வேஸ்ட் துணி போதும்.

இந்த வருஷம் போனஸ் வந்து ஆசாரியைக் கூப்பிடும் முன், ஒரு காகிதத்தில் உங்கள் வீட்டு அலமாரிக் கதவுகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை அதிகமாகத் திறப்பவர் பெயரை எழுதுங்கள்: அத்தை, மகள், வேலை முடித்து ராத்திரி பசியோடு வரும் மகன், தவழும் பேரன் என்று. அந்தக் காகிதத்தை ஆசாரி கையில் கொடுங்கள். எந்தக் கதவுக்கு எந்தக் கீல் என்று அவர் கேட்கும்போது, பதில் அதிலேயே இருக்கும்.